ஹில்டெகார்ட் நிஜமாகவே இசையமைத்தாரா?

கேள்வி, பிப்ரவரி 9

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மன் கன்னியாஸ்திரி ஒருவர் 77 பாட்டு எழுதி மெட்டும் போட்டார் என்கிறார்கள். இசை படித்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறாராம். பிறகு எப்படி? மடத்தில் இருந்த யாரோ ஒரு ஆண் துறவியின் மெட்டில் இந்த அம்மாவின் பெயரை ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் 1980களில் இசைத்தட்டு விற்பதற்காகக் கட்டிய கதை. தலைவலிக்காரி கண்ட மாயக்காட்சிகளை ஞானம் என்று கொண்டாடுவதும் அதே ரகம்தான். யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 9, இரவு

மறுக்கலாம். முதலில் தேதி. பிங்கன் ஹில்டெகார்ட் பிறந்தது 1098, இறந்தது 1179 செப்டம்பர் 17. அவர் ஐம்பது வயதைத் தொட்டபோதே, 1148 வாக்கில், பாரிஸில் இறையியல் கற்பித்த சுவாசோன் ஓடோ அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். படிக்காதவராக இருந்தும் புதிய பாடல்களுக்கு மெட்டுத் தருகிறீர்களாமே என்று அதில் வியக்கிறார். பேச்சு பாரிஸ் வரை போயிருக்கிறது. இசைத்தட்டு வியாபாரிகள் வர இன்னும் எண்ணூறு வருடம் இருந்தது.

அப்புறம் கைப்பிரதிகள். ஒன்றை அவர் உயிரோடிருக்கும்போதே, 1175ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள வில்லர் மடத்துத் துறவிகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்று அதை டெண்டர்மொண்டே கைப்பிரதி என்கிறார்கள். இன்னொன்று வீஸ்பாடன் நூலகத்தில் இருக்கும் 'ராட்சதக் கைப்பிரதி'. 481 ஏடுகள், சுமார் 15 கிலோ. அவர் இறப்பதற்குச் சற்று முன்பின்னாக அவருடைய மடத்திலேயே எழுதப்பட்டது. இரண்டிலும் கோடு போட்டு, மேலே சுரக்குறிகளோடு பாட்டுகள் இருக்கின்றன. அந்த நூற்றாண்டில் மெட்டுப் போட்டவர் பெயரே தெரியாமல் போனதுதான் வழக்கம். இவ்வளவு சான்றோடு ஒரு பெயர் நிற்பது அபூர்வம்.

பிப்ரவரி 10

'இசை படிக்காதவர்' பற்றி. சுரக்குறியோ பாட்டோ எதையும் கற்காமலே பாடினேன், இயற்றினேன் என்று அவர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு அதிசயம் என்பவர்களும் உண்டு, பொய் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை.

ஆசீர்வாதப்பர் சபை மடம் என்றால் விடியலுக்கு முன்பே தொடங்கி இரவு வரை நேரம் தவறாமல் பாட்டு. விவிலியத்தின் திருப்பாடல்கள் 150ஐயும் ஒரு வாரத்தில் பாடி முடிப்பார்கள், மறுவாரம் மறுபடி முதலிலிருந்து. பதின்ம வயதில் உள்ளே போனவர் நாற்பது வயதுக்குள் எத்தனை சுற்றுப் பாடியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் உட்கார்ந்து இசை இலக்கணம் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வளர்ந்த பங்கில் பாடகர் குழுவை நடத்திய ஒரு அண்ணனுக்கு நொட்டேஷன் ஒரு வரிகூடத் தெரியாது. ஆர்மோனியக் கட்டைகளுக்குத் தாமாகவே ஏதோ பெயர் வைத்திருந்தார். புது சாமியார் வந்தால் புதுத் திருப்பலிப் பாட்டு ஒரே ராத்திரியில் தயாராகிவிடும். இசைப் படிப்பு உண்டா என்று அவரைக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அது உண்மையும்கூட.

பிப்ரவரி 10, பின்னிரவு

கீழே ஒருவர் "உலகின் முதல் பெண் இசையமைப்பாளர்" என்று பூமாலை போட்டிருக்கிறார். இல்லை. பைசாந்தியத்தில் காசியா என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தார். கிழக்கத்தியத் திருச்சபையில் புனித வாரத்தில் அவருடைய பாட்டை இன்றும் பாடுகிறார்கள். ஹில்டெகார்டுக்கு இருக்கும் புகழே போதும், இல்லாத பட்டம் வேண்டாம்.

பிப்ரவரி 12

எட்டு வயதில் குழந்தையை உயிரோடு சுவருக்குள் அடைத்துவிட்டார்கள் என்று ஒரு பின்னூட்டம். கொஞ்சம் பொறுங்கள்.

பத்தாவது பிள்ளை, அதனால் பெற்றோர் தசமபாகமாகக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எட்டு வயதில் ஒப்படைத்தார்கள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஆனால் அவரை வளர்த்த ஜுத்தா என்ற பிரபு வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அதன்படி டிசிபோடன்பெர்க் மடத்தை ஒட்டிய அறைக்குள் அவர்கள் நுழைந்தது 1112 நவம்பர் 1. அப்போது ஜுத்தாவுக்கு இருபது, ஹில்டெகார்டுக்குப் பதினான்கு. எட்டு வயதில் ஜுத்தாவின் பொறுப்பில் விட்டு, பதினான்கில் மடத்துக்குப் போயிருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம்.

வேலை நிமித்தம் மைன்ஸ் பக்கம் சில காலம் இருந்தபோது அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். நாகே ஆற்றோடு கிளான் ஆறு வந்து சேருமிடத்தில் ஒரு குன்று. சுற்றிலும் திராட்சைத் தோட்டம், மேலே இடிந்த சுவர்கள், மரங்கள். இதுதான் அந்த அறை என்று உறுதியாகக் காட்ட முடியாது, ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு அங்கே நிற்கும்போது நினைவு போனது ஜுத்தாவின் மேல்தான். கடுந்தவக்காரி. 1136 டிசம்பரில் அவர் இறந்ததும் உடலைக் கழுவியவர்கள் அவருடைய சீடப் பெண்கள் மூன்று பேர், அதில் ஹில்டெகார்டும் ஒருவர் என்கிறார்கள். உடுப்புக்கு அடியில் ஒரு சங்கிலி. காலகாலமாகக் கட்டியிருந்ததில் உடம்பைச் சுற்றி மூன்று தடம் விழுந்திருந்தது.

பிறகு தலைவியான ஹில்டெகார்ட், உடலை வதைக்காதீர்கள், எதிலும் அளவு வேண்டும் என்று ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் புத்திமதி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பிப்ரவரி 13

மைக்ரேன். 1913லேயே சார்லஸ் சிங்கர் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் இதைச் சொல்லிவிட்டார். பிறகு நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதைப் பிரபலமாக்கினார். காட்சிகளில் வரும் சிதறும் நட்சத்திரங்களும் கோட்டைச் சுவர் போன்ற வளைவுகளும் ஒற்றைத் தலைவலிக்கு முன்னே கண்ணில் ஓடும் ஒளிக்கோலங்களைப் போல இருக்கின்றன என்பது வாதம்.

இருக்கலாம். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. வருவதற்கு முன் இடது கண்ணோரத்தில் பல்லுப்பல்லாக ஒரு வெளிச்சம் ஊரும். நானும் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இதுவரை ஒரு பல்லவிகூட வரவில்லை.

அவர் சொல்வதையும் கேளுங்கள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு கிபேர் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில் விவரமாகச் சொல்கிறார். ஊனக்கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்பதில்லை, மயங்கி விழுவதுமில்லை. விழித்திருக்கும்போதே, இரவும் பகலும், மனதுக்குள் தெரிகிறது. சின்ன வயதிலிருந்தே இடைவிடாமல் இருக்கும் ஒரு வெளிச்சத்துக்கு 'உயிருள்ள ஒளியின் நிழல்' என்று பெயர் வைத்திருக்கிறார். எனக்கு வருவது அரை மணி நேரம்தான், அதன்பின் வாந்தி. இரண்டும் ஒன்றுதானா என்பது டாக்டர்கள் பாடு. ஒன்றுதான் என்றே வைத்துக்கொண்டாலும் 'ஸ்கிவியாஸ்' என்ற நூலை எழுதி முடிக்க அவருக்கு 1141 முதல் 1151 வரை பத்து வருடம் பிடித்தது. 26 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம். அது வெறும் தலைவலியால் நடக்கிற காரியமில்லை.

பிப்ரவரி 14

காதலர் தினத்தில் ஒரு கன்னியாஸ்திரியைப் பற்றி இவ்வளவு சூடாகச் சண்டை போடும் ஒரே கூட்டம் நாம்தான்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து "ஆண் துறவியின் உதவி இருந்தது உண்மைதானே" என்கிறார். இருந்தது. ஃபோல்மார் என்று பெயர். 1173ல் இறக்கும் வரை அவருடைய எழுத்தர். ஹில்டெகார்ட் எழுதியதை, சொன்னதை எடுத்து லத்தீன் இலக்கணம் திருத்தியவர். ஓவியங்களில் ஹில்டெகார்ட் பலகையோடு உட்கார்ந்திருப்பார், ஃபோல்மார் பக்கத்தில் ஒரு திறப்புக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லை மாற்றக்கூடாது, வேற்றுமை உருபைச் சரி செய்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. மெட்டும் அவருடையது என்றால், அவர் இறந்தபின் ஹில்டெகார்டின் குரல் மாறியிருக்க வேண்டுமே?

பிப்ரவரி 15, சற்றுப் பின்னர்

பேச்சு எப்படியும் திசை மாறிவிட்டது, ரூபர்ட்ஸ்பெர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1147-48ல் திருத்தந்தை மூன்றாம் யூஜீனியுஸ் டிரியரில் தங்கியிருந்தபோது ஹில்டெகார்டின் எழுத்தை வரவழைத்துப் பார்த்து, தொடர்ந்து எழுது என்றார். பெயர் பரவியது. பிரபு வீட்டுப் பெண்கள் சீதன நிலத்தோடு வந்து சேர்ந்தார்கள். டிசிபோடன்பெர்க்கின் ஆண்கள் மடத்துக்குக் கூட்டமும் வந்தது, சொத்தும் வந்தது. அந்த நேரம் பார்த்து இவர், பெண்களை அழைத்துக்கொண்டு பிங்கன் அருகே ரூபர்ட்ஸ்பெர்குக்குப் போகிறேன், கடவுள் காட்டினார் என்கிறார். மடத்தலைவர் கூனோ விடுவாரா? முடியாது என்றார்.

ஹில்டெகார்ட் படுக்கையில் விழுந்தார். கை கால் அசையவில்லை. கூனோ நேரில் வந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், தூக்க முடியவில்லை என்கிறது வரலாறு. கல்லாகக் கிடந்திருக்கிறார். இது தெய்வ தண்டனை என்று பயந்து அனுமதி கொடுத்ததும் எழுந்துவிட்டார். 1150ஐ ஒட்டி இருபது பெண்கள்போல அவரோடு கிளம்பினார்கள். சொத்துத் தகராறு அதோடு முடியவில்லை. பிறகு இவரே நேரில் போய்ச் சண்டை போட்டு, 1158ல் மைன்ஸ் பேராயரின் பத்திரத்தோடுதான் நிலம் கைக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துச் சாதிக்காத காரியமா?

பிப்ரவரி 16

இரவு யோசித்தேன். நடிப்பு என்று சிரிப்பது எளிது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது இந்த ஒரு முறை மட்டுமில்லை. சின்ன வயதிலிருந்தே நோயாளி. 1141ல் 'எழுது' என்ற கட்டளை வந்தபோதும் எழுதத் தயங்கியதால் படுத்துவிட்டேன், எழுத ஆரம்பித்ததும் எழுந்தேன் என்கிறார். மனசுக்கு ஒவ்வாததை உடம்பு மறுப்பது பலருக்கும் நடப்பதுதான்.

இன்னொன்று. அந்த நூற்றாண்டில் ஒரு பெண், "இது என் கருத்து, மடத்தை மாற்றப் போகிறேன்" என்று சொல்லவே வழி கிடையாது. "நான் ஒன்றுமில்லை, கடவுளின் மூச்சில் மிதக்கும் இறகு" என்று சொல்லிக்கொண்டால் பேராயரையும் கேள்வி கேட்கலாம், பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவையும் கண்டிக்கலாம். கேட்டார், கண்டித்தார். 1163ல் மடத்துக்குப் பாதுகாப்புப் பத்திரம் கொடுத்தவரே பார்பரோசாதான். போட்டித் திருத்தந்தைகளை அவர் ஆதரித்துக்கொண்டே போனபோது ஹில்டெகார்ட் நன்றிக்கடன் பார்க்கவில்லை, கடுமையாக எழுதினார். அறுபது வயதுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் வேறு. கொலோனிலும் டிரியரிலும் குருக்களைச் சோம்பேறிகள் என்று முகத்துக்கு நேராகத் திட்டினார். திட்டு வாங்கியவர்கள், நீங்கள் பேசியதை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள்!

தாழ்மையான பேச்சும் தளராத காரியமும் சேர்ந்த ஆள். இதில் எது நிஜ ஹில்டெகார்ட் என்று பிரித்துப் பார்ப்பதே வீண் வேலை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 18

இசைக்கு வருவோம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நிறைய. தாளம் கிடையாது, அதாவது கைப்பிரதியில் கால அளவு குறிக்கப்படவில்லை. ஒரே குரல் வரி, சேர்ந்திசை இல்லை. வழக்கமான கிரிகோரியன் பாட்டு அடக்கமாக, சுரம் சுரமாக நடக்கும். இவர் எடுத்த எடுப்பில் பஞ்சமத்துக்குத் தாவுவார், அடுத்த தாவலில் மேல் ஷட்ஜம். சில பாட்டுகள் இரண்டு ஸ்தாயியையும் தாண்டுகின்றன. வானதூதர்களைப் பற்றிய 'ஓ வோஸ் ஆஞ்செலி' அப்படி ஒன்று. ஒரே அசையை இழுத்து இழுத்து, எங்கே கொண்டுபோய் இறக்குவார் என்று தெரியாது.

அவருக்குப் பிடித்த ஒரு முறை மேற்கே ஃப்ரிஜியன் எனப்படுவது. சுரங்களை மட்டும் பார்த்தால் அது நம் தோடிதான். ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். கமகம் இல்லாத தோடியை நம் காது ஏற்றுக்கொள்ள நேரமாகும். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் காந்தாரத்தை அசைத்துவிடுவோம். அசைக்காமல் வாசிக்கும்போதுதான் அந்த மெட்டின் எலும்பு தெரிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பல பதிவுகளில் பின்னால் தம்புரா மாதிரி ஒரு சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். "அட, நம்ம மாதிரியே" என்று உருகாதீர்கள். கைப்பிரதியில் அது இல்லை, இன்றைய கலைஞர்கள் சேர்ப்பது. சேர்க்கக்கூடாது என்றில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஹில்டெகார்ட் எழுதியதில்லை.

பிப்ரவரி 18, இரவு

சாத்தானைச் சொல்ல மறந்தேன். 'ஓர்டோ விர்த்தூத்தும்' என்று ஓர் இசை நாடகம் எழுதியிருக்கிறார். ஓர் ஆன்மா உலகத்தின் பக்கம் போய் அடிபட்டுத் திரும்பி வருகிறது. தாழ்மை, அன்பு, பொறுமை எல்லாம் பெண் பாத்திரங்களாக வந்து அதைத் தேற்றுகின்றன. எல்லோரும் பாடுகிறார்கள். சாத்தான் மட்டும் பாடுவதில்லை, கத்துகிறான். அவனுக்கு மெட்டே எழுதவில்லை. மடத்திலிருந்த ஒரே ஆண் ஃபோல்மார்தானே, அவரைத்தான் கத்த விட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். பாவம் மனிதர், இலக்கணமும் திருத்தி, சாத்தானாகவும் நடித்து.

பிப்ரவரி 20

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் அவருக்கு ரசிகர் மன்றம் வைத்திருப்பதுபோல இருக்கிறது. அதனால் இது.

ஆண்டர்நாக் என்ற ஊரில் டெங்ஸ்விச் என்று ஒரு மடத்தலைவி. அவர் ஹில்டெகார்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை, உள்ளே ஊசி. திருநாட்களில் உங்கள் கன்னியர்கள் கூந்தலை விரித்துவிட்டு, தரை தொடும் வெண்பட்டு முக்காடும் தலையில் பொன் கிரீடமும் அணிந்து பாடுகிறார்களாமே? பிரபு குலத்துப் பெண்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறீர்களாமே? ஆண்டவர் ஏழை மீனவர்களை அல்லவா தேர்ந்தெடுத்தார்?

ஹில்டெகார்டின் பதிலைப் படியுங்கள். பட்டுக்கும் கிரீடத்துக்கும் விளக்கம் அழகாகவே இருக்கிறது: கன்னியர் தங்கள் மணவாளனுக்காக உடுத்துகிறார்கள், மணமான பெண்ணுக்கான அடக்கம் அவர்களுக்கு விதியில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் தொண்டையில் நிற்கிறது. மாடு, கழுதை, ஆடு எல்லாவற்றையும் ஒரே தொழுவத்தில் யாராவது அடைப்பார்களா என்று கேட்கிறார். கலந்தால் ஒன்றை ஒன்று வெறுக்கும், ஒழுங்கு கெடும், தராதரத்தைக் கடவுளே வகுத்திருக்கிறார்.

மேட்டில் நின்று தாழ்மையைப் பாட்டாகப் பாடிய அம்மா, கீழே நிற்பவரை உள்ளே விடமாட்டாராம். இந்தத் தொழுவக் கணக்கு நமக்குப் புதிதில்லை. கோயிலுக்குள் தனி வரிசை, கல்லறையில் தனிச் சுவர் என்று பார்த்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த வரிகளைக் கடந்துபோக முடியாது.

பிப்ரவரி 21

"அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்" என்று மூன்று பேர். அளவுகோல் இன்றையது இல்லை. கேட்டவர் டெங்ஸ்விச், அதே நூற்றாண்டு, அதே ரைன் கரை, அவரும் மடத்தலைவி. அவருக்குத் தோன்றியது இவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் ஒதுக்கிவிட்டார்.

பிப்ரவரி 22

ரிகார்டிஸ் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டாடே குடும்பத்துப் பெண், ஹில்டெகார்டுக்கு மகள் மாதிரி, நூல் எழுதுவதில் வலக்கை. 1151ல் அவரைப் பாஸும் என்ற தொலைதூர மடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் அவருடைய அண்ணன், ப்ரேமன் பேராயர் ஹார்ட்விக்கின் செல்வாக்கு. ஹில்டெகார்ட் தாங்கவில்லை. ரிகார்டிஸின் அம்மாவுக்கு எழுதினார், அண்ணனுக்கு எழுதினார், மைன்ஸ் பேராயருக்கு எழுதினார், திருத்தந்தை வரை போனார். பதவி ஆசை, கடவுள் சித்தமில்லை என்று வாதாடினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரிகார்டிஸுக்கே ஒரு கடிதம். அதில் தெய்வக் குரல் எதுவும் இல்லை. என்னை ஏன் அநாதையாக விட்டுவிட்டாய் என்று அழுகிறார்.

1152 அக்டோபரில் ரிகார்டிஸ் இறந்துபோனார். கண்ணீரோடு உங்களிடம் திரும்பி வர நினைத்துக்கொண்டிருந்தாள் என்று ஹார்ட்விக்கே எழுதி அனுப்பினார். அவருக்கு ஹில்டெகார்ட் எழுதிய பதிலில் கோபமில்லை.

அவருடைய எழுத்தில் முதலில் படிக்க வேண்டியது எது என்று கேட்டால் காட்சி நூல்களைச் சொல்லமாட்டேன், இந்தக் கடிதங்களைத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 23

மருந்துப் பொடி விற்பவர் ஒருவர் இழைக்குள் புகுந்துவிட்டார். "ஹில்டெகார்ட் வைத்தியம்" என்று ஜெர்மனியில் இன்று மாவு, தேநீர், மாத்திரை எல்லாம் விற்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் கிளம்பிய அலை அது. 'ஃபிசிகா' என்ற மருத்துவ நூலில் அவர் எழுதியது அந்தக் காலத்துச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சிக் கணக்கு. ஸ்பெல்ட் கோதுமையைத் தானியங்களில் சிறந்தது என்கிறார். ஹாப்ஸ் சேர்த்தால் பானம் கெடாமல் நிற்கும், ஆனால் மனச்சோர்வைக் கூட்டும் என்கிறார். பீர் பிரியர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்.

எனக்கு ஆச்சரியம் கல்கன்ட். நெஞ்சு வலிக்கும் காய்ச்சலுக்கும் அதைப் போற்றுகிறார். பிங்கனில் ஒரு கடையில் வாங்கி முகர்ந்தேன். சிற்றரத்தை! சளிக்கு ஆத்தா வாயில் ஒதுக்கச் சொல்லும் அதே வேர். கிழக்கிலிருந்து ரைன் நதிக்கரைவரை வணிகர் கைமாறிப் போயிருக்கிறது. மிளகு, இஞ்சி, சாதிக்காய் எல்லாமே அந்த நூலில் உண்டு. அதற்காக இதய நோய்க்கு டாக்டரை விட்டுவிட்டுச் சிற்றரத்தை மெல்லாதீர்கள்.

பிப்ரவரி 23, மாலை

மரக்கிளை ஆர்வலர்களுக்கு: 1832ல் தாவரவியலாளர்கள் ஒரு மரப் பேரினத்துக்கே 'ஹில்டெகார்டியா' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஓர் இனம் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் சில குன்றுகளில் மட்டும் இருக்கிறது, அழிவின் விளிம்பில். இலை பூவரசு மாதிரி. தென்னிந்தியாவுக்கு வராத ஓர் அம்மாவின் பெயரோடு நம் மலையில் ஒரு மரம் நிற்கிறது.

பிப்ரவரி 26

கேள்வி கேட்டவர் இன்னும் மசியவில்லை. "சரி, மெட்டுப் போட்டார். அது அவருக்குப் பொழுதுபோக்குத்தானே, தரிசனம்தானே முக்கியம்" என்கிறார். அதற்காகவே 1178ஐ வைத்திருந்தேன்.

ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒரு பிரபு, ரூபர்ட்ஸ்பெர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். சாவதற்கு முன் மன்னிப்புப் பெற்று, நற்கருணை வாங்கித்தான் இறந்தார் என்பது ஹில்டெகார்டின் நிலை. மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிகள் ஏற்கவில்லை. பிணத்தைத் தோண்டி வெளியே போடு என்றார்கள். பேராயர் கிறிஸ்டியான் அப்போது இத்தாலியில். ஹில்டெகார்டுக்கு வயது எண்பது. மறுத்துவிட்டார். கல்லறை எது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மேட்டைச் சமப்படுத்தினார் என்றும் சொல்வார்கள்.

தண்டனையாக மடத்துக்கு வழிபாட்டுத் தடை வந்தது. திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை. பாடக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, செபங்களை மெல்லிய குரலில் வாசித்துக்கொள்ளலாம். தினமும் பாடியே வாழ்ந்த பெண்களை, எண்பது வயதுத் தலைவியை, முணுமுணுக்கச் சொல்கிறார்கள்.

அவர் தடைக்குக் கீழ்ப்படிந்தார், பாட்டை நிறுத்தினார். ஆனால் கடிதம் எழுதினார். தோண்டச் சொன்னதைப் பற்றி அதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி இசையைப் பற்றி. வீழ்ச்சிக்கு முன் ஆதாமின் குரலில் வானதூதர்களின் இசை இருந்தது, அதை இழந்த மனிதனுக்கு அதை நினைவூட்டத்தான் இறைவாக்கினர்கள் பாட்டும் கருவிகளும் உண்டாக்கினார்கள், ஆன்மாவே இசையால் ஆனது, மனிதன் பாடுவதைக் கேட்கப் பொறுக்காத ஒருவன் சாத்தான்தான். கடைசியில் எச்சரிக்கை: போதிய காரணமின்றி கடவுளின் புகழ்ப்பாட்டை நிறுத்துபவர்களுக்கு விண்ணகத்து வானதூதர் பாட்டில் பங்கிருக்காது.

நாடகத்தில் சாத்தானுக்கு ஏன் மெட்டு இல்லை என்பது இங்கே தெரிகிறதல்லவா? அது மேடைக்காகச் செய்த தந்திரமில்லை, அவருடைய இறையியலே அதுதான். பொழுதுபோக்குக்காகப் பாடியவர், தம் கடைசி வருடத்தை ஒரு பாட்டுத் தடைக்கு எதிராக வாதாடிச் செலவழிப்பாரா?

கொலோன் பேராயர் உதவிக்கு வந்தார். இறந்தவரோடு சேர்ந்தே மன்னிப்புப் பெற்ற ஒரு வீரர் சாட்சி சொன்னார். தடை விலகி, மறுபடி விதிக்கப்பட்டு, கடைசியில் 1179 மார்ச்சில் கிறிஸ்டியானின் கடிதத்தோடு நிரந்தரமாக நீங்கியது. செப்டம்பரில் அவர் இறந்தார்.

பிப்ரவரி 27

படங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு. ஸ்கிவியாஸின் ஓவியக் கைப்பிரதி இப்போது உலகில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று வீஸ்பாடன்காரர்கள் அதையும் ராட்சதக் கைப்பிரதியையும் டிரெஸ்டன் வங்கி ஒன்றின் பெட்டகத்தில் வைத்தார்கள். 1945ல் டிரெஸ்டன் எரிந்தது, பெட்டகம் தப்பியது. பிறகு திறந்தபோது ஓவியப் பிரதியைக் காணோம். ராட்சதம் மட்டும் இருந்தது, சோவியத் பகுதியில். 1948ல் மார்கரெட்டே க்யூன் என்ற ஆய்வாளர், ஓர் அமெரிக்க அதிகாரியின் மனைவி துணையோடு, அதை மேற்கே கொண்டுவந்தார். கிழக்கே திருப்பி அனுப்பியது வேறொரு கைப்பிரதி. 15 கிலோவை மறைத்துக் கொண்டுபோவது லேசான காரியமா?

நாம் இன்று பார்க்கும் வண்ணப் படங்கள், 1927 முதல் 1933 வரை ஐபிங்கன் மடத்துக் கன்னியர்கள் அசலைப் பார்த்துக் கையால் தீட்டிய பிரதி. ரூபர்ட்ஸ்பெர்கில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1632ல் சுவீடன் படை எரித்தது, மிச்சத்தை 1857ல் ரயில் பாதைக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். நேரே எதிர்க்கரையில் படகேறிப் போனால் ரூடெஸ்ஹைமுக்கு மேலே, திராட்சைச் சரிவில் கன்னியர்களின் புது மடம் இருக்கிறது. ஒயினும் அவர்களே செய்கிறார்கள். நான் பாட்டைக் கேட்கப் போனேன், புட்டியோடு திரும்பினேன்.

மார்ச் 2

2012ல்தான் புனிதர் பட்டம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறார்கள். 1230களில் விசாரணை நடந்தது. உள்ளூர் விசாரணையாளர்கள் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, எழுதியனுப்பினார்கள். யாருக்கு, எங்கே, சாட்சி யார் என்ற விவரம் சரியாக இல்லையென்று ரோம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அதை மறுபடி ஒழுங்காகப் போய்ச் சேர்க்கவே இல்லை. ஜெர்மனியில் மட்டும் அவரைப் புனிதர் என்று கொண்டாடிக்கொண்டே இருந்தார்கள். 2012 மே மாதம் பதினாறாம் பெனடிக்ட் புதிய விசாரணையில்லாமலே அந்த வணக்கத்தை முழுத் திருச்சபைக்கும் விரித்தார். அக்டோபர் 7ல் மறைவல்லுநர், அதாவது திருச்சபையின் ஆசிரியர், என்ற பட்டமும். பெண்களில் நான்காவது.

மார்ச் 3

எந்தப் பாட்டில் தொடங்கலாம்? 'காரிதாஸ் ஆபுந்தாத்', 'ஓ விர்த்தூஸ் சாப்பியென்சியே' இரண்டும் சின்னவை. கீழே தொடங்கி மேலே போவது தெளிவாகக் கேட்கும். சுருதி சேர்க்காத பதிவாகத் தேடுங்கள், பெண் குரல்கள் மட்டும் பாடியதாக இருந்தால் நல்லது. பாடிப் பார்க்க ஆசையிருந்தாலும் இவற்றிலேயே ஆரம்பிக்கலாம். 'ஓ வோஸ் ஆஞ்செலி' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், எங்கள் குழுவில் மேல் குரல்காரர்களே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.